காய்ச்சல் இறங்கிய மறுநாளே குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: இரண்டு வயது மகளின் தாய்

வணக்கம். எங்கள் மகளுக்கு இரண்டு வயது ஆகிறது. பகல்நேரக் காப்பகத்தில் சேர்த்த நாளிலிருந்து அவளுக்குச் சளி முற்றிலும் விட்டிருந்த வாரம் என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. ஒன்று தீர்வதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்கிறது. அதற்காவது பழகிக்கொண்டோம். நேற்று மாலை உடம்பு சுடவே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். 101 டிகிரி காட்டியது. படுக்கும் முன் பாராசிட்டமால் சிரப் கொடுத்தோம். இன்று காலை 99 டிகிரிதான் இருக்கிறது. முகம் சற்று வாடியிருக்கிறதே தவிர, எழுந்ததும் பொம்மைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இன்று அனுப்புவதா வேண்டாமா என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. காலையில் காய்ச்சல் இல்லை என்பதால், எதற்கும் ஒரு வேளை சிரப் கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார் என் கணவர். மூக்கொழுகல் அடியோடு நின்ற பிறகுதான் அனுப்ப வேண்டும் என்கிறார் மாமியார். அப்படிப் பார்த்தால் அவள் பள்ளிக்கூடம் சேரும் வயதில்தான் காப்பகத்துக்கே போக முடியும். சேர்க்கையின்போது காப்பகத்தார் கொடுத்த விதிமுறைத் தாளில் காய்ச்சல் உள்ள குழந்தைகளை அனுப்ப வேண்டாம் என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இல்லை. எத்தனை டிகிரியைக் காய்ச்சல் என்று கொள்கிறார்கள், அது இறங்கி எவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டும், சளி பச்சை நிறத்தில் வந்தால் என்ன செய்வது, ஒரே ஒரு முறை வயிற்றுப்போக்கு ஆனாலும் நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதற்கெல்லாம் அதில் விடை இல்லை. இந்த வரம்புகளை எப்படி வகுத்துக்கொள்வது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: காப்பகப் பராமரிப்பாளர்

இன்று அனுப்ப வேண்டாம் சகோதரி. குறிப்பாக, சிரப் கொடுத்துவிட்டு அனுப்பவே வேண்டாம்.

ஒரு வேளை பாராசிட்டமால் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் வரைதான் காய்ச்சலை அடக்கி வைக்கும். காலை எட்டு மணிக்கு மருந்து குடித்துவிட்டு வரும் குழந்தையை வாசலில் பார்த்த மாத்திரத்தில் எங்களால் கண்டுபிடிக்க முடியாது; நன்றாகவே சிரிக்கும், அம்மாவுக்குக் கையசைக்கும். பிற்பகலை நெருங்கும்போது, அடுக்கிக்கொண்டிருந்த கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, அழாமல், யாரையும் கூப்பிடாமல், ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் நெற்றியும் காது மடலும் கொதிக்கும், பாதம் மட்டும் சில்லென்று இருக்கும். அதாவது வெப்பம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்நேரத்தில் ஒரு பணியாளர் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்துவிட, அவர் கவனிக்க வேண்டிய மற்றக் குழந்தைகள் அனைவரும் இன்னொருவரின் பொறுப்பாகிறார்கள். பெற்றோர் அலுவலகத்திலிருந்து கிளம்பி வந்து சேரும் வரை இந்த நிலைதான். அதற்குள் அந்தக் குழந்தை தொட்ட பொம்மைகளையும் வாயில் வைத்த பொருள்களையும் எத்தனை பேர் எடுத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் மருந்து கொடுத்தீர்களா என்று நாங்கள் காலையில் கேட்பதைச் சில பெற்றோர் விசாரணையாக எடுத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். எப்போது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் மதியம் யாராவது மறுபடி கொடுத்துவிட்டால், உரிய இடைவெளி இல்லாமல் இரண்டு வேளை மருந்து உள்ளே போய்விடும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

மறுமொழி: குழந்தை நல மருத்துவர்

மேலே கூறப்பட்டிருப்பதை வழிமொழிகிறேன். உங்கள் கணவரின் வாதத்தில் எது பிசகுகிறது என்பதையும் விளக்குகிறேன். நம் உடல் வெப்பம் இயல்பாகவே அதிகாலையில் தாழ்ந்தும் பிற்பகலிலிருந்து மாலை வரை உயர்ந்தும் இருக்கும். காய்ச்சலும் இந்த ஏற்ற இறக்கத்தையே பின்பற்றும். ஆகவே மாலையில் 101 காட்டிய குழந்தை மறுநாள் காலையில் 99 காட்டுவதை நோய் விட்டுவிட்டதற்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. வைரஸ் காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடிப்பதும், காலையில் மறைந்து மாலையில் மீண்டும் தலைகாட்டுவதும் மிகச் சாதாரணம். மருந்தின் உதவி இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலற்று இருக்க வேண்டும் என்று பெரும்பாலான காப்பகங்கள் வைத்திருக்கும் விதியின் நுட்பம் இதில்தான் இருக்கிறது: எந்த நேரத்திலிருந்து கணக்கிட்டாலும் அந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு மாலைப் பொழுது வந்தே தீரும். அந்த மாலையை மருந்தில்லாமல் கடந்துவிட்டால்தான் காய்ச்சல் போய்விட்டது என்று ஓரளவு நம்பலாம். உங்கள் மகள் இன்னும் அந்த மாலையைக் கடக்கவில்லை.

பொதுவாக 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்கிறோம். மூன்று மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்கு இந்த அளவு வந்துவிட்டால் காப்பகத்தைப் பற்றிய யோசனைக்கே இடமில்லை. நேராக மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உங்கள் மகளின் வயதிலோ தெர்மாமீட்டரின் எண்ணைக் காட்டிலும் குழந்தை இருக்கும் நிலைதான் முக்கியம். 102 இருந்தும் ஓடியாடுகிற குழந்தையை விட, 100 மட்டுமே இருந்து, கண்ணைத் திறக்கச் சோம்பித் தோளில் சரிந்து கிடக்கிற குழந்தைதான் எனக்குக் கவலை தரும்.

எந்த நோயானாலும் மூன்று விஷயங்களைப் பார்த்து முடிவு செய்யலாம். காப்பகத்தின் அன்றாட நடவடிக்கைகளில் குழந்தையால் ஓரளவேனும் கலந்துகொள்ள முடியுமா என்பது ஒன்று. மற்றக் குழந்தைகளின் கவனிப்புக்குக் குறைவு நேராமல் பணியாளர்களால் இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இயலுமா என்பது இரண்டாவது. வீட்டில் நிறுத்துவதால் பரவல் உண்மையிலேயே குறையக்கூடிய நோயா என்பது மூன்றாவது. இம்மூன்றில் மூன்றாவதைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான நாட்களில் விடை முதல் இரண்டிலேயே கிடைத்துவிடும்.

சளியை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பகம் செல்லும் சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு 8 முதல் 12 முறை வரை சளி பிடிப்பது இயல்புதான். இருமல் 2, 3 வாரம் வரை இழுப்பதால், ஒரு சளியின் வால் அடுத்த சளியின் தலையோடு முட்டிக்கொள்கிறது. சளியே விடவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். சளி வைரஸ் மூக்கு ஒழுகத் தொடங்குவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடுகிறது. முதல் இரண்டு மூன்று நாள் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். அதனால் மூக்கொழுகல் கடைசிச் சொட்டு வரை நிற்கட்டும் என்று காத்திருப்பதால் யாரும் காப்பாற்றப்படுவதில்லை. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுவதும் நோய் முற்றியதற்கோ பாக்டீரியா புகுந்ததற்கோ அடையாளம் அன்று. கிருமியோடு போராட வந்த வெள்ளணுக்களின் நொதிகளே அந்த நிறத்தைத் தருகின்றன. அதற்கென்று ஆன்டிபயாட்டிக் கேட்க வேண்டியதும் இல்லை. காய்ச்சல் இல்லாமல், ஓரளவு சாப்பிட்டு, விளையாடிக்கொண்டிருந்தால் மூக்கொழுகலோடு அனுப்பலாம். பெரியவர்கள் தயங்குவது அக்கறையினால்தான். இதை உங்கள் மாமியாரிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

இருமலில் மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. குழந்தையின் சட்டையை மார்புக்கு மேலே தூக்கி விட்டு, நல்ல வெளிச்சத்தில், ஒரு நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு அடியிலோ கழுத்துக் குழியிலோ சதை உள்ளே இழுத்துக்கொண்டால், மூக்கின் ஓரங்கள் விரிந்து விரிந்து சுருங்கினால், மூச்சோடு விசில் போன்ற ஒலியோ முனகலோ கேட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதடு நீலம் பாரித்தல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், 8 மணி நேரத்துக்கும் மேலாகச் சிறுநீர் கழியாமை, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் ஆகியவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவற்றில் நான் சற்றுக் கண்டிப்பானவன். ஒரே ஒரு முறை இளகிப் போய், அதன் பின் குழந்தை இயல்பாக இருந்தால் அது ஒவ்வாத உணவாலும் இருக்கலாம், பொறுத்துப் பார்க்கலாம். வழக்கத்தை விட இரண்டு முறைக்கு மேல் கூடுதலாகப் போனாலோ, டயப்பருக்கு வெளியே கசிந்தாலோ, கழிப்பறைக்குப் போகப் பழகிவிட்ட குழந்தையால் அடக்க முடியாமல் போனாலோ வீட்டில்தான் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் இரண்டு முறை அல்லது அதற்கு மேல் வாந்தி எடுத்த குழந்தைக்கும் இதுவே பொருந்தும். மலத்தில் இரத்தமோ சீழ் போன்ற சளியோ கலந்திருந்தால் காப்பகத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நின்ற பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. பல காப்பகங்கள் 24 மணி நேரம் என்கின்றன, பிரிட்டனின் பொதுச் சுகாதார அறிவுரை 48 மணி நேரம் என்கிறது. என்னைக் கேட்டால் 48தான் சரி. வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோவைரஸ் மிகச் சிறிய அளவிலேயே தொற்றிவிடும். கையில் தடவிக்கொள்ளும் ஆல்கஹால் கிருமிநாசினி அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவினால்தான் போகும். இரண்டு வயதுக் குழந்தைகள் நிறைந்த அறையில் அந்த ஒழுங்கை எதிர்பார்ப்பது கடினம்.

கால வரையறை உறுதியாக உள்ள நோய்களும் சில இருக்கின்றன. சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரையிலும், தட்டம்மை என்றால் தடிப்பு தோன்றிய பின் 4 நாட்கள் வரையிலும், பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாட்கள் வரையிலும் வீட்டிலேயே இருக்க வேண்டும். கக்குவான் இருமலுக்கும் பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணுக்கும் ஆன்டிபயாட்டிக் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிடுவார்கள். அதை உங்கள் மருத்துவரே சொல்லிவிடுவார்.

மறுமொழி: தனியாக மகனை வளர்க்கும் தந்தை

மருத்துவர் கூறியவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடைமுறையில் காப்பகங்கள் இந்த வரம்புகளோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். என் மகன் செல்லும் இடத்தில் ஒரு தும்மலுக்குக்கூடத் தொலைபேசி வரும். காதுவலி என்று சொன்னதற்கு, மற்றவர்களுக்குத் தொற்றாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். நடுக்காதில் வரும் தொற்று ஒரு குழந்தையின் காதிலிருந்து இன்னொரு குழந்தையின் காதுக்குத் தாவுவதில்லை என்பது எனக்கே தெரிந்திருக்கும்போது, அந்த ஒரு தாளுக்காக அரை நாள் விடுப்பு எடுத்து மருத்துவமனையில் காத்திருக்க வேண்டியிருந்தது. விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிக்கப்படும் வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். சிரப் கொடுத்து அனுப்பும் பெற்றோர் எல்லோரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். வேறு வழி தெரியாதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

என்னுடைய யோசனை ஒன்றுதான். இன்று யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சை, குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும் காலை ஏழு மணிக்குத் தொடங்கக் கூடாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்களாக இருந்தால், எந்தெந்தக் கிழமைகளில் யாருக்கு விடுப்பு எடுப்பது எளிது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாதான் நிற்க வேண்டும் என்பது எந்த மருத்துவ நூலிலும் இல்லை.

மருத்துவரிடம் ஒரு கேள்வி: தடுப்பூசி போட்ட மறுநாள் வரும் காய்ச்சலுக்கும் அந்த 24 மணி நேர விதி பொருந்துமா?

மறுமொழி: குழந்தை நல மருத்துவர்

தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சல் தொற்றுவதில்லை. எனவே நான் குறிப்பிட்ட மூன்றாவது விஷயம் இங்கே எழவே இல்லை. முதல் இரண்டை மட்டும் பார்த்தால் போதும். ஊசி போட்ட ஓரிரு நாளுக்குள் லேசான சூடு இருந்து, குழந்தை வழக்கம்போல் இருந்தால், காப்பகத்தாரிடம் விவரத்தைத் தெரிவித்துவிட்டு அனுப்பலாம். தட்டம்மைத் தடுப்பூசியில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு: அதனால் வரும் காய்ச்சல் மறுநாள் வராமல், பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து வரும், அதற்குள் ஊசி போட்டதையே பெற்றோர் மறந்திருப்பார்கள்.

சான்றிதழைப் பற்றி நீங்கள் கூறியதில் நியாயம் இருக்கிறது. சாதாரணச் சளிக்கும் காதுவலிக்கும் சான்றிதழ் கேட்டு அனுப்புவதால், நலமாகத் தேறி வரும் குழந்தைகள் என் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து புதிய நோய் ஒன்றை வாங்கிச் செல்கிறார்கள்.

மறுமொழி: கேள்வி கேட்ட தாய்

அனைவருக்கும் நன்றி. இன்று நான் வீட்டில் இருக்கிறேன். நாளையும் தேவைப்பட்டால் கணவர் இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மாலையைக் கடக்க வேண்டும் என்ற விளக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதன் பிறகு வாதம் நின்றுவிட்டது.

இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. சென்ற மாதம் மகளுடைய வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கண் சிவந்து பீளை கட்டியபோது, சொட்டு மருந்து தொடங்காமல் வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அதே நேரத்தில், கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய் வந்த இன்னொரு குழந்தையைக் கொப்புளம் ஆறும் முன்பே சேர்த்துக்கொண்டார்கள். இது எனக்குத் தலைகீழாகத் தோன்றியது. எது சரி?

மறுமொழி: குழந்தை நல மருத்துவர்

இரண்டாவது முடிவு நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தவறானது அன்று. கை-கால்-வாய் நோயில் முதல் வாரத்தில்தான் தொற்று வேகம் அதிகம் என்றாலும், வைரஸ் மலத்தின் வழியே பல வாரங்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். நோய் வெளியே தெரியாத குழந்தைகளும் அதைப் பரப்புவார்கள். அத்தனை வாரங்கள் ஒரு குழந்தையை வீட்டில் வைத்திருக்க யாராலும் முடியாது. ஆகவே காய்ச்சல் நின்று, வாய்ப்புண்ணால் ஓயாமல் எச்சில் வழிவதும் குறைந்து, நீர் அருந்தத் தொடங்கிவிட்டால் கை காலில் கொப்புளத் தழும்பு இருந்தாலும் அனுப்பலாம். டயப்பர் மாற்றிய பின் பணியாளர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதுதான் இங்கே உண்மையான தடுப்பு.

கண் சிவப்பு பல நேரங்களில் வைரஸாலோ ஒவ்வாமையாலோ வருவது. இவ்விரண்டுக்கும் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தால் பயனில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகமும் கண் சிவப்பை மட்டும் காரணமாகக் காட்டிக் குழந்தையை விலக்கத் தேவையில்லை என்றே கூறுகிறது. கண்ணில் வலி, இமையைச் சுற்றி வீக்கம், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், காய்ச்சல் ஆகியவை சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருந்தாலும், இரண்டு வயதுக் குழந்தை கண்ணைத் தேய்த்த கையோடு அடுத்த குழந்தையின் முகத்தைத் தொடும் என்பதால் காப்பகத்தார் அஞ்சுவதை நான் குறை சொல்ல மாட்டேன். சொட்டு மருந்தை நிபந்தனையாக்குவதை மட்டும்தான் குறை சொல்வேன்.

மறுமொழி: காப்பகப் பராமரிப்பாளர்

சொட்டு மருந்து விஷயத்தில் பல காப்பகங்கள் பழைய விதியையே வைத்திருக்கின்றன என்பது உண்மைதான். பிற பெற்றோரின் புகாருக்கு அஞ்சியே அதை மாற்றாமல் விடுகிறார்கள்.

குழந்தையைத் திரும்ப அனுப்பும் நாளில் நான்கு வரிகள் எழுதிக் கொடுத்துவிடுங்கள் சகோதரி: கடைசியாகக் காய்ச்சல் அளந்த நேரமும் அளவும், கடைசி வேளை மருந்து கொடுத்த நேரம், நேற்று இரவிலிருந்து எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை முறை சிறுநீர் கழித்தாள் என்பவை. வாசலில் வாய்மொழியாகச் சொல்வது, உள்ளே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரின் காதுக்குப் பல நேரங்களில் போய்ச் சேருவதில்லை. கூடவே, உங்கள் மகள் இருக்கும் அறையில் ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைகளோ, கருவுற்றிருக்கும் பணியாளரோ இருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு வெறும் மூக்கொழுகலாக வந்து போகும் ஆர்.எஸ்.வி. வைரஸ் கைக்குழந்தைக்கு மூச்சுத்திணறலாக முடியலாம். அப்படி யாராவது இருந்தால், சளியின் முதல் இரண்டு நாட்களில் மட்டுமாவது வீட்டில் நிறுத்திக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். விதிமுறைத் தாளில் விடுபட்டவற்றை எழுத்தில் தருமாறு பொறுப்பாளரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். ஒரு பெற்றோர் கேட்டதற்குப் பிறகுதான் எங்கள் காப்பகத்திலும் அந்த ஒரு வரி ஒரு பக்கமாக விரிந்தது.